பிறவாதவர்களுக்குப் பட்ட கடன்

நகரத்துக்கோ வட்டாரத்துக்கோ போடப்படும் நெடுங்காலத் திட்டம், அதைப் போடுகிறவர்களைவிட அப்போது அங்கே இல்லாதவர்களையே அதிகம் கட்டிப்போடுகிறது. வீட்டுமனைக்கு எந்தப் பக்கத்தை ஒதுக்குவது, புறவழிச்சாலை எந்த ஏரியின் வரத்து வாய்க்காலைக் கடப்பது, ஆற்று மணலில் எத்தனை நீரேற்றுக் கிணறு இறக்குவது என்பதெல்லாம் இன்று முடிவாகிவிடும். முப்பது ஆண்டு கழித்து அந்தச் சாலையில் போகப்போகிறவர்களில், அந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கப்போகிறவர்களில், பலர் இன்னும் பிறக்கவில்லை. அவர்களால் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து பேச முடியாது; ஆட்சேபனை மனு கொடுக்க முடியாது. இன்னும் இல்லாத ஒருவருக்கு இன்று இருப்பவர் கடன்பட்டவரா, அப்படியானால் அந்தக் கடனை யார் நின்று கேட்பது என்பதற்கு நகரமைப்புச் சட்டத்தில் நேரான பதில் கிடையாது. அறநூல்களுக்கும் சமய மரபுகளுக்கும் இது பழகிய கேள்வி.

இந்தக் கேள்வியை வைத்துப் பார்க்கப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் தோதான நிலம். பெருநகரம் எதுவும் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூரில் 5,65,223 பேர். தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே குறைந்த எண்ணிக்கை. அரியலூரில் 7,54,894 பேர். அவர்களில் நூற்றுக்குப் பதினொருவர் அளவுக்கே நகரவாசிகள். மேற்கே பச்சைமலை, வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். பெரம்பலூர்ப் பக்கம் வானம் பார்த்த பூமி: மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். அரியலூரின் தென்விளிம்பில் திருமானூர், திருமழபாடிப் பக்கம் நெல். நடுவே சுண்ணாம்புக்கல்லும் அதை நம்பி வந்த சிமெண்ட் ஆலைகளும். சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலை பெரம்பலூர் நகரத்தைத் தொட்டுப் போகிறது, அந்த ஊருக்கு ரயில் இல்லை. விழுப்புரம்–திருச்சி கார்டு லைன் அரியலூரைத் தொட்டுப் போகிறது, அந்த ஊருக்கு அந்த நெடுஞ்சாலை இல்லை. சாலை ஒரு துறை, ரயில் டெல்லியின் பொறுப்பு, ஏரி இன்னொரு துறை, சுரங்கம் வேறொன்று. ஒருவர் வரைந்ததை இன்னொருவர் பார்த்து வரைந்ததற்கான அடையாளம் வரைபடத்தில் அதிகம் இல்லை.

தமிழ் அறநூல் மரபு இவற்றைப் பிரித்துப் பார்க்கவில்லை. காரியாசானின் சிறுபஞ்சமூலத்தில் ஒரு வெண்பா, இனிதாகச் சொர்க்கம் புகுகிறவன் யார் என்று சொல்லும்போது ஐந்து வேலைகளை அடுக்குகிறது: குளம் தோண்டுவது, அதைச் சுற்றி மரக்கிளைகளை நடுவது, ஆட்கள் நடக்க வழி திருத்துவது, தரிசை உழுவயலாக்குவது, கிணறு வெட்டுவது. நீர், மரம், போக்குவரத்து, வேளாண் நிலம், குடிநீர் என்று இவற்றையே இன்றைய திட்ட அறிக்கையின் அத்தியாயத் தலைப்புகளாக வைத்துக்கொள்ளலாம். இதில் அழுத்தம் விழுவது ஐந்தும் சேர்ந்திருப்பதன்மேல். ஏதாவது ஒன்றைச் செய்தவனுக்குப் புண்ணியம் என்று பாட்டு சொல்லவில்லை. ஐந்தையும் ஒருவன் செய்ய வேண்டும். வழி போடுவதற்காகக் குளத்தைத் தூர்த்தவனுக்கோ, குளம் வெட்டிவிட்டு அதற்கு வரும் வழியை அடைத்தவனுக்கோ அந்தக் கணக்கில் இடமில்லை.

புறநானூற்றின் பதினெட்டாம் பாட்டும் இதே தடத்தில் போகிறது. குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம், மறுமையின் செல்வம் வேண்டுமானாலும், பிற வேந்தரை வென்று தனியாட்சி செய்ய வேண்டுமானாலும், நிலைத்த புகழ் வேண்டுமானாலும் செய்யவேண்டியது ஒன்றுதான், பள்ளமான நிலத்தில் நீரைத் தேக்கு என்கிறார். மூன்று ஆசையையும் தூண்டிலாகப் போட்டு ஓர் அரசனை ஏரி வெட்ட இழுக்கும் சாமர்த்தியம் இது. புலவர் மன்னனின் நல்ல மனத்தை நம்பி நிற்கவில்லை என்பதையும் சேர்த்துக் கவனிக்கலாம்.

வைதிக மரபில் வேள்வி ஒரு வகை அறம், கிணறும் குளமும் சோலையும் சத்திரமும் இன்னொரு வகை. இரண்டாவதற்குப் பூர்த்தம் என்று பெயர். வேள்வியின் பலன் செய்தவனுக்கு; குளத்தின் பலன் தாகத்தோடு வருகிற எவனுக்கும். வெள்ளாற்றங்கரையில் உள்ள லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களின் இஸ்லாமியர் இதற்கு இணையான ஒன்றைச் சதக்கத்துல் ஜாரியா என்பார்கள். மனிதன் இறந்ததும் அவன் செயல்கள் நின்றுவிடும், மூன்று மட்டும் தொடரும் என்ற நபிமொழியில் முதலாவது இந்த ஓடிக்கொண்டிருக்கும் தர்மம். கிணறு அதற்கு வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. கொள்ளிடத்தின் வடகரையில் வீரமாமுனிவரோடு பேர் சேர்ந்த ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலத்துக்குப் போகும் கத்தோலிக்கருக்கு, 2015-இல் போப் பிரான்சிஸ் எழுதிய சுற்றுமடல் தலைமுறைகளுக்கு நடுவிலான நீதியை ஒரு தனிப் பகுதியாகவே பேசுகிறது. கோட்பாடுகள் வேறு. எல்லாவற்றிலும் பெறுகிறவர் பெயர் தெரியாதவர். திருப்பித் தர வழியில்லாதவர். திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரம் கைம்மாறு கருதாத கடமைக்கு மழையைக் காட்டுவதும், பேரறிவாளன் செல்வத்துக்கு நீர் நிறைந்த ஊருணியைக் காட்டுவதும் இதே காரணத்தால்.

இந்த இடத்தில் ஊழ் என்ற தடை வரும். நாளை நடப்பது விதிப்படி என்றால் இருபது ஆண்டுக்குத் திட்டம் போடுவது அகந்தையாகாதா? குறள் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் தருகிறது. முதலாவது ஊழைவிட வலியது எது என்று கேட்கிறது. இரண்டாவது, சளைக்காமல் முயல்கிறவர் ஊழையும் புறங்காண்பார் என்கிறது. உரையாசிரியர்கள் இந்த முடிச்சை அவிழ்க்கப் பலவாறு முயன்றிருக்கிறார்கள். ஏரிக்கரையில் நிற்கிறவருக்கு அது அவ்வளவு பெரிய முடிச்சில்லை. மழை எப்போது, எவ்வளவு என்பது அவர் கையில் இல்லை. கலிங்கின் உயரமும் கரையின் பருமனும் அவர் கையில் இருக்கின்றன. மழை கைவசம் இல்லாததால்தான் ஏரியே தேவைப்படுகிறது.

இந்த மரபு செய்த மிகப் பெரிய சோதனையின் எச்சம் அரியலூர் மாவட்டத்திலேயே கிடக்கிறது. முதலாம் இராஜேந்திர சோழன் (ஆட்சிக்காலம் 1014–1044) கங்கை வரை படை அனுப்பி, தோற்ற மன்னர்களைக் கொண்டு கங்கை நீரைச் சுமக்கச் செய்து, கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கினான். அதையொட்டி ஓர் ஏரியை வெட்டினான். திருவாலங்காட்டுச் செப்பேடு அதைச் சோழகங்கம் என்று பெயர் சொல்லி, நீராலான வெற்றித்தூண் என்று வர்ணிக்கிறது. ஊரார் பொன்னேரி என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிவுகள் வடக்கு தெற்காக 16 மைல் நீளக் கரையைச் சொல்கின்றன. தெற்கே கொள்ளிடத்திலிருந்து ஒரு நெடிய வாய்க்காலும் வடக்கே வெள்ளாற்றிலிருந்து ஒரு சிறு வாய்க்காலும் அதில் வந்து விழுந்தன என்றும் சொல்கின்றன. வெற்றித்தூணைக் கல்லில் நட்டிருக்கலாம், தண்ணீரில் நட்டான். தலைநகர், கோயில், இரண்டு ஆறுகள், பாசனம் ஆகியவற்றை ஒரே மனத்தில் வைத்துப் பார்த்த திட்டம் இது. பெருமைக்காகச் செய்யப்பட்டதா, அறத்துக்காகவா என்று பிரிப்பது வீண் வேலை. குடபுலவியனார் ஏற்கெனவே இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் அறக்கொடைகளுக்கு வழக்கமாக எழுதப்படும் கால அளவு சந்திராதித்தவல்: சந்திரனும் சூரியனும் உள்ளளவும். இன்றைய முழுமைத் திட்டத்தின் ஆயுள் பெரும்பாலும் இருபது ஆண்டு. இந்த வேறுபாட்டை வைத்து முன்னோரை உயர்த்தி இன்றையவரைத் தாழ்த்துவது எளிது, ஆனால் சோழகங்கம் அதற்கு இடம் தரவில்லை. 1279-ஐ ஒட்டிச் சோழ அரசு முடிந்தது. படையெடுத்து வந்தவர்கள் கரையை உடைத்தார்கள் என்பது ஊர் வழக்கு. பல நூற்றாண்டுகள் ஏரி நீர் தேங்காத காடாகக் கிடந்தது. சூரிய சந்திரர் இருக்கிறார்கள். ஏரியின் பெரும்பகுதி இல்லை. 2025 ஜூலையில், இராஜேந்திரனின் ஆடித் திருவாதிரை விழாவை ஒட்டி, ஏரியைச் சீரமைக்கும் பணியைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

கோயிலுக்கு நேர்ந்தது இன்னும் சிக்கலான கதை. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டப்பட்டபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதிற்கற்கள் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டன. ஊர் ஏழைகள் தடுக்கப் பார்த்துத் தண்டனை பெற்றார்கள் என்றும், கல்மதிலுக்குப் பதில் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கு காப்பாற்றப்படவில்லை என்றும் 1855-ஐச் சேர்ந்த ஒரு குறிப்பு உண்டு. அந்தக் கீழணையிலிருந்துதான் வடவாறு பிரிந்து வீராணம் ஏரிக்கு நீர் போகிறது. பத்தாம் நூற்றாண்டில் சோழர் வெட்டிய அதே வீராணம். 2004 முதல் அங்கிருந்து சென்னைக்கு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரை கொண்டுபோகும் குழாய் இருக்கிறது. ஒரு நீர்த்திட்டத்துக்காக ஓர் அறக்கொடை இடிக்கப்பட்டது; அந்த நீர்த்திட்டம் இன்று இன்னொரு பழைய அறக்கொடையை நிரப்பி, எங்கோ ஒரு மாநகரத்தின் தாகத்தைத் தணிக்கிறது. 1836-இல் நடந்தது பாவமா புண்ணியமா என்று ஒரே சொல்லில் சொல்ல முடியாது. பலன் நல்லதாக முடிந்ததால் வாக்குத் தவறியது சரியாகிவிடாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

நிலைத்திருப்பது கட்டும் நாளில் முடிவாவதில்லை, பராமரிப்பில்தான் இருக்கிறது என்று பழைய பொறியாளர்களுக்குத் தெரிந்திருந்தது. தமிழகத்துப் பழைய ஏரிகளில் காணப்படும் குமிழித் தூம்பு இதற்குச் சான்று. கரைக்கு உள்ளே, நீர்ப்பரப்பின் நடுவே இரண்டு கல்தூண்கள் நிற்கும். கீழே தரைமட்டத்தில் கல்தொட்டி, அதிலிருந்து கரைக்கு அடியில் ஓடும் சுரங்கக் கால்வாய். தொட்டியின் மேல்மூடியில் ஒரு பெரிய துளை, பக்கவாட்டில் அடிமட்டத்தில் சிறு துளைகள். மேலே உள்ளது நீரோடி. கீழே உள்ளவை சேறோடி. அடைகல்லைத் தூக்கினால் மேலே தெளிந்த நீர் இறங்கும், அதன் இழுப்பில் கீழே படிந்த வண்டலும் கலங்கி வெளியேறும். வண்டல் வயலுக்கு உரம், ஏரிக்கு ஆழம் மிச்சம். தூர் வாரப் பேரன் காலத்தில் ஆள் வருவானோ மாட்டானோ என்ற சந்தேகத்தைக் கல்லிலேயே செதுக்கி வைத்த சாதனம் இது. வருங்காலத்தை நம்பாமலிருப்பதும் வருங்காலத்துக்குச் செய்யும் உதவிதான்.

ஆட்களை நியமிப்பதிலும் அதே சந்தேகம். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலையில் எடுத்து, 360 நாள் பதவி தருகின்றன. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்க முடியாது. சூரிய சந்திரர் உள்ளளவும் என்ற அறத்துக்கு ஓராண்டுக் காவல். முரண்போலத் தோன்றினாலும், நெடுங்காலத்துக்கான பொறுப்பைக் குறுகிய தவணையாக்கிக் கணக்குக் கேட்பதைத் தவிர வேறு வழி அன்றும் இல்லை.

இந்த மரபைப் போற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகத் தாண்டிப்போகும் பக்கம் ஒன்று உண்டு. உத்திரமேரூரில் குடவோலைக்குள் பெயர் விழ நிலமும் வீடும் வேதக் கல்வியும் வேண்டும். ஏரியில் மண் சுமந்தவர் பலருக்கு அதன் கீழ் நிலம் கிடையாது. சேரிக்கு அந்த ஏரியில் இறங்கவும் பல ஊர்களில் உரிமையில்லை. ஏரி, வாய்க்காலை ஊராரே செப்பனிடும் குடிமராமத்து ஊர்கூடித் தேர் இழுத்ததுபோல் பேசப்படுகிறது. ஆனால் 1858-இல் சென்னை மாகாணம் அதைக் கட்டாய உழைப்புச் சட்டமாகவே எழுதியது. பிறவாதவர்களின் பேரைச் சொல்லிப் பிறந்தவர்களிடம் உழைப்பையும் நிலத்தையும் பிடுங்குவது நெடுந்திட்டத்தின் நிரந்தரச் சபலம். அறத்தின் பெயரில் அது நடந்தால் எதிர்த்துப் பேசுவது இன்னும் கடினம்.

கடன் இருப்பதாக ஒப்புக்கொண்டாலும் தத்துவ நோக்கில் ஒரு சிடுக்கு மிஞ்சுகிறது. ஆங்கிலேயத் தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984-இல் வெளியிட்ட நூலில் அதைக் கூர்மையாக வைத்தார். ஒரு பெரிய கொள்கை முடிவு யார் எங்கே வேலைக்குப் போகிறார், யாரை மணக்கிறார், எப்போது பிள்ளை பெறுகிறார் என்பதையும் மாற்றிவிடுகிறது. ஆகவே அந்த முடிவு இல்லாவிட்டால் அந்தக் குழந்தைகளே பிறந்திருக்க மாட்டார்கள். வேறு குழந்தைகள் பிறந்திருப்பார்கள். தங்களைப் பிறக்கவைத்த முடிவைப் பற்றி அவர்கள் எப்படிக் குறை சொல்ல முடியும்? அரியலூரில் இது ஏட்டளவிலான புதிர் இல்லை. 1979-இல் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் ஆலை அரியலூரில் தொடங்கியது. பின்னர் ரெட்டிப்பாளையம், தளவாய், கீழப்பழுவூர், ஆலத்தியூர் என்று தனியார் ஆலைகள் பெருகின. வேலைக்கு வந்து குடியேறியவர்கள், அங்கே மணந்தவர்கள், லாரி வாங்கியவர்கள் என்று ஒரு சமூகமே உருவானது. ஆலை வராவிட்டால் தன் பெற்றோர் சந்தித்திருக்கவே மாட்டார்கள் என்ற நிலையில் உள்ள ஓர் இளைஞன், சுரங்கக் குழியைப் பார்த்து எனக்கு அநீதி நேர்ந்தது என்று சொல்ல முடியுமா என்பது பார்ஃபிட்டின் கேள்வி.

கல்வெட்டுகள் இந்தச் சிடுக்கைத் தெரியாமலேயே கடந்துவிட்டன என்று சொல்லலாம். கொடைக் கல்வெட்டுகளின் கடைசியில் சாபம் ஒன்று வரும்: இந்த அறத்தை அழித்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்பது பரவலான வடிவம். யாருக்குத் தீங்கு செய்ததால் பாவம் என்று அதில் இல்லை. ஏரியை அழித்தால் பாவம், அவ்வளவுதான். கடமை ஆளோடு கட்டப்படாமல் பொருளோடு கட்டப்பட்டிருக்கிறது. யார் பிறந்தாலும், எவர் பிறக்காமல் போனாலும், ஏரி அழிந்தது தவறாகவே நிற்கும். சாபத்தோடு ஒரு வணக்கமும் வரும்: இந்த அறத்தைக் காப்பவர் பாதம் என் தலைமேல் இருக்கட்டும் என்று கொடுத்தவரே எழுதிவைப்பார். கொடுத்தவர் அரசனாக இருந்தாலும் பெயர் தெரியாத ஒரு வருங்கால மனிதனின் காலைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார். தான் செத்த பிறகு ஆணை செல்லாது, வேண்டிக்கொள்ளத்தான் முடியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைய திட்ட ஆவணங்களின் மொழியில் இந்தப் பணிவு சுத்தமாக இல்லை.

ஏரி உடைந்தால் கட்டலாம். சுண்ணாம்புக்கல்லுக்கு அந்த வசதி இல்லை. அரியலூர், பெரம்பலூர் நிலத்தின் பெரும்பகுதி கிரெட்டேசியஸ் காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது. கல்லங்குறிச்சியில் வெட்டப்படும் சுண்ணாம்புப் பாறை ஏறத்தாழ 7 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலடி. அதில் சிப்பிகள் முழுசாகப் பதிந்திருக்கும். காரைப் பக்கத்துக் களிமண் ஓடைகளில் மழை பெய்து ஓய்ந்தால் சிப்பி ஓடுகள் மண்ணிலிருந்து தலைகாட்டும். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது; ஏறக்குறைய 12 கோடி ஆண்டு வயது என்று இந்தியப் புவியியல் ஆய்வகம் சொல்கிறது. கல்மரத்தை வேலி போட்டுக் காக்கிறோம். அதே பாறைத் தொகுதியின் இன்னொரு பகுதியைத் தார்ப்பாய் போர்த்திய லாரியில் ஆலைக்கு அனுப்புகிறோம். 2015-இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டம் சுரங்கக் குத்தகைக்கு 50 ஆண்டு தருகிறது. கோடி ஆண்டுகளில் விளைந்ததை ஐம்பது ஆண்டில் எடுப்பது தன்னளவில் தவறு என்று சொன்னால் வீடு கட்ட முடியாது. ஆனால் திரும்பக் கொண்டுவர முடிகிற இழப்புக்கும் முடியாத இழப்புக்கும் ஒரே அளவுகோல் போதாது. தமிழ்நாட்டுத் தோல் ஆலைகள் தொடர்பான வேலூர் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டின் உள்ளடக்கமும் இதுதான்: மீளாத சேதம் நேரக்கூடும் என்னும்போது, அறிவியல் உறுதி வரட்டும் என்று காத்திருப்பது சாக்காகாது.

அடுத்தது பொறுப்பு. 1956 நவம்பர் 23 அதிகாலை, அரியலூருக்கு அருகே மருதையாற்றில் வந்த வெள்ளம் ரயில் பாலத்தின் தாங்குகரையை அரித்துவிட்டது. சென்னையிலிருந்து சென்ற தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் விபத்தின்போதே விலக முன்வந்தவர். அப்போது நேரு ஏற்கவில்லை, இம்முறை ஏற்றார். விபத்துக்கு சாஸ்திரி காரணம் என்பதற்காக ஏற்கவில்லை, அரசியல் சட்ட நெறிக்கு முன்மாதிரியாக இருக்கட்டும் என்பதற்காகவே என்று நேரு விளக்கினார்.

சாஸ்திரியின் விலகல் நல்ல மனிதரின் பெருந்தன்மையாகவே நினைவில் நிற்கிறது. அதற்குள் கூர்மையான ஒரு வாதம் உண்டு. மழை இயற்கை. பாலம் ரயில்வேயுடையது. ஆறும் அதன் நீர்ப்பிடிப்பும் மாநிலத்தின் பொறுப்பு. மேலே எத்தனை ஏரி உடைந்தது, தகவல் எப்போது வந்தது என்பது வேறு அலுவலகங்களின் கணக்கு. ஒவ்வொருவரும் தத்தம் எல்லைக்குள் குற்றமற்றவராகவே இருந்திருக்கலாம். சாவு மட்டும் எல்லைகளுக்கு நடுவே விழுந்தது. கர்மம் செய்தவனையே சேரும் என்ற கோட்பாடு இங்கே தடுமாறுகிறது, ஏனென்றால் செய்தவன் என்று ஒருவன் இல்லை. குற்றம் செய்யாமலேயே பொறுப்பை ஏற்க ஓர் ஆள் இருந்தாலொழிய அந்தச் சாவுகளுக்குச் சொந்தக்காரர் கிடையாது. துறைகளை ஒருங்கிணைப்பது பொதுவாகச் செலவைக் குறைக்கும் நிர்வாக உத்தியாகப் பேசப்படுகிறது. மருதையாற்றிலிருந்து பார்த்தால் அது குற்றமற்றவர்கள் கூடி ஒரு தீமையைச் செய்துவிடாமல் தடுக்கும் ஏற்பாடு.

நடந்த திட்டங்களைப்போலவே நடக்காத திட்டங்களுக்கும் அறக்கணக்கு உண்டு. 1990-களின் பிற்பகுதியில் ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரி அனல்மின் திட்டத்துக்காகப் பல ஊர்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் விவசாயிகளிடமிருந்து எடுக்கப்பட்டது. சுரங்கமும் வரவில்லை, மின்நிலையமும் வரவில்லை. இழப்பீட்டுத் தொகையைக் கேட்டு வழக்குகள் நடந்தன. கால் நூற்றாண்டு கழித்து நிலத்தைத் திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. பெரம்பலூர் மாவட்டத்தில் திருமாந்துறைப் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென 2000-களின் பிற்பகுதியில் சுமார் 3,000 ஏக்கர் வாங்கப்பட்டு, சொன்ன தொழில்கள் வராமல் நெடுநாள் கிடந்தது. பிறகு 2022 நவம்பரில் எறையூர் சிப்காட்டில் காலணித் தொழிற்பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நிலத்தை எடுத்து நிறைவேறாத திட்டம் வெறும் காகிதமாக நின்றுவிடுவதில்லை. பெயர் மாற்ற முடியாத பட்டா, அடகு வைக்க முடியாத நிலம், கிணறு வெட்டத் தயங்கும் விவசாயி என்று அது ஒரு தலைமுறையின் நடுவயதைத் தின்றுவிடும். தனிமனிதன் வாக்குத் தவறினால் அறநூல் விடுவதில்லை. அரசு வாக்குத் தவறினால் அதற்குக் கொள்கை மாற்றம் என்று பெயர்.

கோடு போடுவதிலும் அறம் இருக்கிறது. 2020-இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்குவதாக அறிவித்தபோது அரியலூரும் பேசப்பட்டது. சட்டமானபோது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களும் இருந்தன. திருச்சி, கரூர், அரியலூர் இல்லை. கொள்ளிடத்தின் தென்கரை நெல்லுக்குச் சட்டப் பாதுகாப்பு, வடகரை நெல்லுக்கு இல்லை. காவிரியிலிருந்து பிரியும் புள்ளம்பாடி வாய்க்காலால் நிரம்பும் கரைவெட்டி ஏரி 2024-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மத்திய ஆசியாவிலிருந்து வரும் வரித்தலை வாத்துக்கு இந்த ஏரி சர்வதேச உடன்படிக்கையின் காவலில் இருக்கிறது. அதே மாவட்டத்துத் திருமானூர் வயலுக்கு 2020 சட்டத்தின் காவல் இல்லை. வாத்துக்குக் கொடுத்தது அதிகம் என்று இதற்குப் பொருளில்லை.

இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்க்கச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வட்டாரத் திட்டம், முழுமைத் திட்டம், விரிவான வளர்ச்சித் திட்டம் என்று அடுக்குகள் வைத்தது. 1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மாவட்டத் திட்டக் குழுவை ஏற்படுத்தச் சொன்னது. ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான இடத் திட்டமிடல், தண்ணீர்ப் பங்கீடு, உள்கட்டமைப்பு, சூழல் காப்பு ஆகியவற்றை அந்தக் குழு ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். உறுப்பினரில் ஐந்தில் நான்கு பங்கு உள்ளாட்சிப் பிரதிநிதிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். காரியாசானின் ஐந்து செயல்களுக்கும் ஒரு வாரியம் அமைத்ததற்குச் சமம் இது. ஆனால் துறைகளின் நிதியும் பொறியாளரும் இந்தக் குழுவின் கையில் இல்லை. நாளைய ஆளுக்காகப் பேசும் நாற்காலி ஒன்றும் அதில் கிடையாது.

குழுவின் எல்லை மாவட்டம். இந்த மாவட்டங்களின் எல்லையோ அடிக்கடி நகர்ந்தது. 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001 ஜனவரி 1-இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002 மார்ச் 31-இல் மீண்டும் சேர்ந்தது. 2007-இல் மறுபடி பிரிந்தது. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டில் நான்கு முறை எல்லை மாறிய இடத்தில் இருபது ஆண்டுத் திட்டத்துக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வி தானாக எழும். மருதையாறு பச்சைமலைப் பக்கம் பிறந்து, பெரம்பலூர் மாவட்டத்தைக் கடந்து, அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தில் சேர்கிறது. மேலே கொட்டரையில் அதன் குறுக்கே நீர்த்தேக்கம் கட்டுவது பெரம்பலூர்க் கணக்கில் வரும். கீழே 1956-இல் பாலம் விழுந்த இடமும், ஆறு சேரும் முகமும் அரியலூர்க் கணக்கில் வரும். இரண்டு குழுக்களும் ஒன்றாக உட்கார்ந்து ஆற்றை முழுதாகப் பார்க்க வேண்டும் என்று அந்தத் திருத்தத்தில் எங்கும் கட்டாயமில்லை. உட்காரக் கூடாது என்ற தடையும் இல்லை.